சிரிப்பைக் குறித்துக்கொடுப்பவர்

வாப்பா சவூதியில் இருந்த காலத்தில் உம்மா கடிதம் எழுதமாட்டாள். கேசட்டில் பேசி அனுப்புவாள். அதில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. மேலப்பாளையத்து வீட்டில் மாமிகளோடு உட்கார்ந்து பீடி சுற்றியபடியே பேசியது. இலை வெட்டும் கத்தரிச் சத்தத்துக்கு நடுவே ஓரிடத்தில் உம்மாவின் குரல் குலுங்குகிறது. சிரிப்பா, அழுகையா? எத்தனை தடவை கேட்டும் பிடிபடவில்லை. கம்ப்யூட்டர் சொல்லுமா என்று தேடப்போய்த்தான் இந்த வரலாற்றைப் படிக்க நேர்ந்தது.

நமக்கு இது பழைய விசாரணை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று அது பிறக்கும் இடங்கள் நான்கையும் சொல்கிறது. 1956இல் வந்த ‘ராஜா ராணி’ படத்தில் நாகர்கோவில்காரரான என்.எஸ்.கிருஷ்ணன் விதவிதமான சிரிப்புகளைச் சிரித்தே ஒரு பாட்டாக்கினார். இரண்டு பேருக்குமே சிரிப்பு என்றால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு.

இயந்திரத்துக்குக் காரணம் வேண்டாம், வடிவம் போதும். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரோவைன் சிரிப்பை அளந்து பார்த்தார். ஒரு ‘ஹா’ சுமார் 75 மில்லிசெகண்ட். ஒன்று தொடங்கி அடுத்தது தொடங்க ஏறத்தாழ 210. 2004இல் கென்னடியும் எல்லிஸும் பெர்க்லியில் பதிவான அலுவல் கூட்டங்களில், பலர் சேர்ந்து சிரிக்கும் கணங்களைக் கணினியைக் கொண்டு கண்டுபிடிக்க முயன்றார்கள். 2008 வாக்கில் லண்டனில் பெட்ரிடிஸும் பான்டிக்கும் ஒலியோடு முக அசைவையும் சேர்த்தார்கள். காது ஏமாறும் இடத்தில் கண் கைகொடுக்கும் என்பது கணக்கு.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மனுசர் உட்கார்ந்திருக்கிறார். பதிவைக் கேட்டு, ‘இது சிரிப்பு, இது பேச்சு’ என்று குறித்துக்கொடுப்பவர். இயந்திரம் அவரிடம்தான் பாடம் படிக்கிறது. அவர் தடுமாறும் இடத்தில் அதற்கும் வேறு வாத்தியார் கிடையாது.

இலவசமாகக் கிடைத்த ஒரு நிரலில் என் கேசட்டைப் போட்டேன். ‘சிரிப்பு’ என்றது. கேசட்டில் முகம் இல்லை. அதனால் உம்மாவிடமே போட்டுக்காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“சிரிச்சுதான் இருப்பேன். அழுதா ஒங்க வாப்பாவுக்கு அங்க சோறு எறங்காதுல்லா?”

இயந்திரம் சொன்னது சரிதான். ஆனால் உம்மா சொன்ன காரணம் தொல்காப்பியத்தின் அந்த நான்கிலும் இல்லை.