வைரோடிக் கல்லும் பெரிலியமும்

 

குருக்கள்மடத்து மாணவன் ஒருவன் கேட்டான்: "வைரோடிக் கல்லுக்குள்ள என்ன சேர் இருக்கு?" அலுமினியம், ஒட்சிசன், கூடவே பெரிலியம் என்றோம்.

அந்தப் பெயரின் வேர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. முற்காலத்தில் வைடூரியம் என்றது பெரில் கல்லை. பிராகிருதத்தில் அது வேருலிய, கிரேக்கர் வாயில் பெரிலோஸ். தென்னிந்தியப் பெரில் உரோமாபுரிக்கும் கப்பலேறியது. 1798இல் பாரிசில் வோக்லான் அவ்வகைக் கல்லில் புதிய மூலகத்தைக் கண்டார். 1828இல் வோலரும் புசியும் தனித்தனியே அதை உலோகமாகப் பிரித்தார்கள்.

பெரிலியம் ஒட்சைட்டுப் பொடியை அழுத்திச் சுட்டால் வெள்ளைப் பீங்கான் கிடைக்கும். மின்சாரத்தைத் தடுக்கும் அதே பீங்கான், வெப்பத்தை அலுமினிய உலோகம்போலக் கடத்தும். 2,500 பாகை செல்சியசைத் தாண்டித்தான் உருகும். 1954இல் அமெரிக்கா விமானத்துக்காகப் பரிசோதித்த அணு உலையில் நியூத்திரன்களின் வேகத்தைக் குறைக்க இதையே வைத்தார்கள். ரேடார், லேசர், வலுக்கூடிய டிரான்சிஸ்டர்களிலும் இது சேர்ந்தது.

ஆனால் இதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். அமெரிக்கக் குழல்விளக்குத் தொழிற்சாலைகளில் பெரிலியப் பொடியைச் சுவாசித்த தொழிலாளர்கள் நோயுற்று, சிலர் இறந்தார்கள். 1949இல் விளக்குகளில் அதைக் கைவிட்டார்கள்.

விரலில் உள்ள மோதிரத்தாலோ உடையாத பீங்கானாலோ கெடுதி இல்லை. உடைத்து அராவும்போதுதான் ஆபத்து. பழைய மின்கருவிகளைக் கழற்றும் தம்பிமாரே, உள்ளே வெள்ளைப் பீங்கான் துண்டைக் கண்டால் உடைக்காதீர்கள், அராவாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.