எழுத்தின் தோளும் காலடியும்: கணித அச்சுக்கோப்பின் வரலாற்றில் ஒரு பக்கம்

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதிலே அல்-குவாரிஸ்மி அட்சரகணித நூலை எழுதியபோது அதில் குறியீடு ஒன்றுமே இருக்கவில்லை. வர்க்கத்தையும் மூலத்தையும் வசனமாகவே எழுதினார். சொல்லுக்குச் சொல் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் பொருள் கெடாது. குறியீடுகள் வந்த பிறகு கதை வேறாகிவிட்டது. ஓர் எழுத்தின் வலது தோளில் சின்ன 2 இருந்தால் அது வர்க்கம். அதே 2 காலடியில் இருந்தால் வெறும் அடையாள எண். விலகி நின்றாலோ பிள்ளைகள் பெருக்கல் என்று வாசித்துவிடுவார்கள். இடைவெளியே பொருளாகிவிட்டது.

இந்த இடைவெளிக்காக வருடக்கணக்கில் பாடுபட்டவர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனுத். 1968இல் அவரது பெருநூலின் முதற் பாகம் ஈய அச்சில் அழகாக வந்தது. 1977இல் இரண்டாம் பாகத்தின் மறுபதிப்புக்காகப் புதிய ஒளியச்சில் வந்த படிகளைப் பார்த்தவருக்கு மனம் ஒப்பவில்லை. தானே 'டெக்' என்ற அச்சுக்கோப்பு நிரலை எழுதத் தொடங்கினார். 1978இல் முடிந்துவிடும் என்று எண்ணிய வேலை ஏறக்குறையப் பத்து வருடங்களை விழுங்கியது. இதற்கிடையே, 1979இல், அல்-குவாரிஸ்மியின் பூர்வீக மண்ணான குவாரிஸ்மிலே, ஊர்கெஞ்ச் நகரில் நடந்த மாநாட்டுக்கும் போய்வந்தார். 'அல்கோரிதம்' என்ற சொல் அந்த அறிஞரின் பெயரிலிருந்து பிறந்ததுதானே.

சாய்ந்த 'எஃப்' எழுத்தின் தலை வலப்பக்கம் நீண்டிருக்கும். மேலே வரும் எண் அதில் முட்டாமல் விலக வேண்டும். கீழே வரும் எண் நெருங்கி நுழைய வேண்டும். குனுத் இதற்கு இரண்டு அளவுகளை வைத்தார்: எழுத்தின் அகலம், சாய்வுத் திருத்தம். கீழெண்ணுக்கு அகலம் மட்டும். மேலெண்ணுக்கு இரண்டும் சேர்ந்தது.

பின்னர் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2007ஆம் ஆண்டின் ஒஃபிஸ் தொகுப்போடு 'கேம்பிரியா மெத்' எழுத்துருவைக் கொண்டுவந்தது. ஓபன்டைப் முறைப்படியான கணித அட்டவணை அதற்குள்ளேயே இருந்தது. இங்கும் 'சாய்வுத் திருத்தம்' என்ற பெயர்தான். ஆனால் எழுத்தின் அகலம் என்பது இப்போது அதன் முழு அகலம். சிக்கல் தொடங்கியது இங்கேதான். குனுத் தன் டெக்கைப் புதுமைகளுக்கு மூடிவிட்டதால் ஸீடெக், லுவாடெக் என்று கிளைகள் பிரிந்திருந்தன. பழைய விதிப்படி கணக்குப் பார்ப்பதா, புதிய விதிப்படி பார்ப்பதா? ஒரே எழுத்துரு, ஒரே சமன்பாடு. ஆனால் நிரலுக்கு நிரல் இடைவெளி வேறாக விழுந்தது. தொகையீட்டுக் குறியின் மேல், கீழ் எல்லைகளிலே இது பளிச்செனத் தெரியும்.

சமன்பாட்டுக்குச் சமன்பாடு கையால் நகர்த்திச் சரிசெய்வது சும்மா ஒட்டுப்போடுவதுதான். நிரலை மாற்றினால் ஒட்டு அவிழ்ந்துவிடும். லுவாடெக் இந்த அளவுகளை எப்படி வாசிப்பது என்று தீர்மானிக்கும் தெரிவுகளைத் தந்தது. கொன்டெக்ஸ்ட் குழுவினரோ, எழுத்துருக் கோப்பைத் தொடாமல், அதை ஏற்றும்போதே பிழையான அளவுகளைத் திருத்தும் தனிக் கோப்புகளை எழுதினார்கள். பிழை எங்கே பிறக்கிறதோ அங்கேயே திருத்துவதுதான் நிலைக்கும்.

மயிரிழை இடைவெளிக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். அந்த மயிரிழையில்தான் ஒரு மாணவன் வர்க்கத்தை வர்க்கமாக வாசிப்பது தங்கியிருக்கிறது.