பூ, மூக்கு, தூரம்

தம்பி ஆக்சுவரி (காப்பீட்டுக் கணிப்பாளர்) தேர்வுக்குப் படிக்கிறான். பிரிட்டனின் ஆக்சுவரி சங்கம் 2019இல் பாடத்திட்டத்தை மாற்றியபோது, சிஎஸ்1 தேர்வின் இரண்டாம் தாளைக் கணினியில், ‘ஆர்’ என்னும் புள்ளியியல் மொழியில் எழுத வேண்டுமென்று வைத்தது. இரவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் தட்டிப் பார்க்கிறேன். தமிழ் எம்.ஏ.வுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். இலக்கணம் படித்தவனுக்கு ஒன்று தெரியும்: சூத்திரம் எவ்வளவு பொதுவாகப் பேசினாலும் எடுத்துக்காட்டில் அதன் ஊரும் காலமும் வெளிப்பட்டுவிடும்.

ஆர் பழகுபவர்களுக்கு முதலில் கிடைக்கிற எடுத்துக்காட்டு பெரும்பாலும் ஒரு பூ. ‘ஐரிஸ்’ என்று அடித்தால் 150 பூக்களின் அளவுகள் திரையில் ஓடும். அளவுகளைத் திரட்டியவர் எட்கர் ஆண்டர்சன். அவற்றைக்கொண்டு இனம் பிரிக்கும் முறையை 1936இல் எழுதியவர் ரொனால்ட் ஃபிஷர். கட்டுரை வந்த ஏடு ‘அன்னல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்’. மேலான மனிதரைப் பெருக்கிக் கீழானவரைக் குறைக்கலாம் என்று நம்பிய கார்ல் பியர்சன் 1925இல் தொடங்கிய ஏடு அது. முந்தைய ஆண்டு அதே ஏட்டில் மில்ட்ரெட் பர்னார்ட், ஃபிஷரின் யோசனைப்படி, எகிப்திய மண்டையோடுகளை இதே வழியில் ஆராய்ந்திருந்தார். பூவுக்கு முன்னால் மண்டையோடு.

“அண்ணே, அது சும்மா ப்ராக்டிஸ் டேட்டா. பரீட்சைல இதெல்லாம் கேக்க மாட்டாங்க.”

கேட்கமாட்டார்கள் என்பதுதான் என் பிரச்சினையே.

பூவை வெள்ளைக்காரன் விவகாரமென்று தள்ளிவிடலாம். ஆனால் ஆர் மொழியில் ‘மஹலனோபிஸ்’ என்றே ஒரு கட்டளை இருக்கிறது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்த அதே பி.சி. மஹலனோபிஸ்தான். பல அளவுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கையில் ஒரு புள்ளி கூட்டத்தின் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அது சொல்லும். 1920இல் நெல்சன் அன்னாண்டேல் அவரிடம் கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளைக் கொடுத்தார். 1922இல் அதுபற்றிய கட்டுரை வந்தது. 1927இல் வங்காளத்தின் இனக்கலப்பு பற்றிய கட்டுரை. சாதிக்கும் சாதிக்கும் நடுவே எத்தனை தூரம் என்பதுதான் அங்கே கேள்வி. அந்தக் கேள்வியின் வழியாகத்தான் 1936இன் சூத்திரம் வந்துசேர்ந்தது.

அவருக்கு முன்னால் ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கை அளந்திருந்தார். மூக்கு அகல அகல சாதி கீழே போகும் என்பது அவர் கண்ட ‘விதி’. மஹலனோபிஸை ரிஸ்லியோடு ஒரே கூடையில் போட்டுக் கட்டுடைத்துவிட்டேன் என்று மார்தட்ட எனக்கு மனமில்லை. ரிஸ்லியின் எண்களைத் திரும்பக் கணக்கிட்டுப் பிழைகளைக் காட்டியவர் அவர். ஒற்றை மூக்கை வைத்து மனிதனை அடுக்க முடியாது என்பதற்கு அவருடைய சூத்திரமே போதும். ஆனால் சாதியென்பது அளக்கத்தக்க ஒரு கூட்டம், அதற்கொரு மையம் உண்டு என்ற அனுமானத்தை அந்தச் சூத்திரம் கலைக்கவில்லை. அதன் மேலேயே ஏறி நின்றது. கட்டளையின் உதவிப் பக்கத்தில் அணியும் சராசரியும் இருக்கின்றன, சாதி இல்லை. கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் ஆளைத் தேடவும் இன்று இதே தூரத்தைப் பயன்படுத்துகிறார்கள். நாளை காப்பீட்டுக் கோரிக்கைகளை ஒரு திரையில் பார்த்து ‘இது தள்ளி நிக்குது’ என்று சொல்லப்போகிறவன் என் தம்பி.

போன வாரம் சிரித்துக்கொண்டே வந்தான். ஆர் மொழியின் 2025 பதிப்பில் பென்குவின் அளவுகளையும் சேர்த்திருக்கிறார்களாம். “இப்ப திருப்தியா அண்ணே?” திறந்து பார்த்தோம். முதல் அளவு அலகின் நீளம்.