திண்ணையிலிருந்து சமையற்கட்டு வரை

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் உள்ள நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குப் பேர்போன ஊர். இவ்வட்டாரத்துப் பழைய ஓட்டு வீடுகளில் தெருவைப் பார்த்தபடி திண்ணை இருக்கும். நிலைவாசலைத் தாண்டினால் ஆசாரம் எனப்படும் கூடம், அதற்கும் உள்ளே சமையற்கட்டு. பிள்ளைகளின் கூட்டாளிகளுக்கு வீடு திறந்த வரலாறு, இந்த மூன்றில் எந்தப் பிள்ளை எதுவரை வரலாம் என்று பெரியவர்கள் வகுத்த வரலாறுதான்.

முதலில் திறந்தது திண்ணை. 19-ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் வசதியுள்ள குடும்பம் தன் பிள்ளைகளுக்கென்று ஒரு வாத்தியாரை அமர்த்தினால், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். வேறு சில ஊர்களில் வாத்தியாரின் வீட்டுத் திண்ணையே பள்ளிக்கூடம். விரலால் மணலில் எழுதிப் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். பெரிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் இந்த முறையை எடுத்துக்கொண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் தம் முறையைப் பற்றி 1797-இல் லண்டனில் நூல் வெளியிட்டார். சென்னை மாகாணத்தின் பள்ளிகளைக் கணக்கெடுக்க 1822-இல் ஆணையிட்ட ஆளுநர் தாமஸ் மன்றோ, 1826-இல் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள் என்று பதிவு செய்தார். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அவற்றில் ஏராளமானவை யாரோ ஒருவரின் வீட்டு முகப்பில் நடந்தவை.

நவராத்திரியில் பள்ளியே வீடுகளைத் தேடி வரும். வாத்தியார் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு ஒவ்வொரு மாணவனின் வீட்டுக்கும் போவார். பாட்டும் கோலாட்டமும் முடிந்ததும் வீட்டார் வாத்தியாருக்குப் பணமும் பிள்ளைகளுக்குப் பொரிகடலையும் கொடுப்பார்கள். தன் வகுப்பு முழுவதும் தன் வாசலில் நிற்பதைப் பார்க்கும் பெருமை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு ஒருமுறை கிடைத்தது.

வெளியூரிலிருந்து படிக்க வந்த ஏழைப் பையனுக்கு வாரச் சாப்பாடு இருந்தது: ஏழு நாளைக்கு ஏழு வீடு, நாளுக்கு ஒரு வீட்டில் இலை. நாதஸ்வரக் குடும்பங்களில் உறவு இன்னும் நெருக்கம். சீடன் குருவின் வீட்டிலேயே தங்கி, வீட்டுவேலை செய்து, குருவின் பிள்ளைகளோடு விடியற்காலையில் சாதகம் செய்வான். ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு நாடெங்கும் கொண்டுசென்ற நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924–2001) அந்தக் கலை மரபில் வந்தவர்.

இந்த அன்பை மிகைப்படுத்திவிடக் கூடாது. வாரச் சாப்பாடு பெரும்பாலும் சொந்தச் சாதிக்குள் அடங்கிய தருமம். தாழ்த்தப்பட்ட பிள்ளைக்கு ஆசாரம் இருக்கட்டும், திண்ணைகூட மறுக்கப்பட்டது. வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கோ, தோழி வீட்டுக்குப் போய்வருவதே நின்றுபோனது. விளையாட்டில் தொட்டுக்கொண்ட கைகள் சோற்றுவேளையில் பிரிக்கப்பட்டன. கொடுமையின் கூர்மையான முனை அதுதான்.

அந்த முனை தமிழக அரசியலையே உலுக்கியது. வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. காங்கிரஸின் நிதியுதவி பெற்ற இடத்தில் இந்தப் பாகுபாடா என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தனர். நாயுடு பிறந்தது நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்து ஊரான ராசிபுரத்தில். பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என்ற தீர்மானம் 1925-இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில் நிறைவேறியபோது, அதை ஏற்காத ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினர்.

அதே 1925-இல், அதே பழைய சேலம் மாவட்டத்தில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். அவருடைய மகள் லட்சுமியும் மகன் நரசிம்மனும் அங்கே வாழ்ந்தனர். தாழ்த்தப்பட்டோரும் ஆசிரமவாசிகளாக இருந்தனர். அதற்காகச் சுற்றுவட்டாரத்தின் எதிர்ப்பையும் ஆசிரமம் சந்தித்தது. கமிட்டியில் அந்தத் தீர்மானத்துக்கு உடன்படாதவர் தம் பிள்ளைகள் வாழும் இடத்தில் சாதி வேலியைத் தளர்த்தினார். இரண்டையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும்.

வீடுகள் தாமாகச் செய்யத் தயங்கியதைப் பள்ளிச் சோறு செய்தது. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தன. சமைப்பவர் இன்னார் என்பதற்காகச் சில ஊர்களில் பெற்றோர் முரண்டு பிடித்ததும் உண்டு. ஆனாலும் பள்ளியில் ஒன்றாய்ச் சாப்பிட்ட பிள்ளை, கூட்டாளியை வீட்டுக்குக் கூட்டிவந்து “அம்மா, இவனுக்கும் போடு” என்று கேட்கும் துணிவு அந்த வரிசையில்தான் வளர்ந்தது.

இப்போதைய கான்கிரீட் வீடுகளில் திண்ணை அருகிவிட்டது; வந்தவர் நேராகக் கூடத்துக்குத்தான் வர வேண்டும். கூட்டாளிக்கு வேகவைத்த மரவள்ளிக்கிழங்கோ, கச்சாயமோ, விருந்தென்றால் சந்தகையோ கிடைக்கும். பள்ளிப் பேருந்தும் விடுதிகளும் பெருகிய நாமக்கல் மாவட்டத்தில் பிள்ளைகளின் நட்பு பல ஊர்களுக்குப் பரவியிருப்பதால், வருகிற பிள்ளை இன்னார் வீட்டுப் பிள்ளை என்பது பெரியவர்களுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்ற கேள்வியை முதல் வாய்த் தண்ணீருக்கு முன்பே கேட்டுவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கேட்காமலே தட்டை வைக்கும் வீடுகளும் இருக்கின்றன.