மரக்கிளையில் சோற்றுப் பொட்டலம்

சித்திரை வெயில் ஏறினால் வேதாரண்யத்துச் சதுப்பில் உப்பு தானாகப் பூக்கும். பாத்தி கட்ட வேண்டாம், நீர் பாய்ச்ச வேண்டாம். தேங்கி நின்ற உவர்நீர் வற்றி, சேற்றின் மேல் வெள்ளைப் பொருக்காகப் படியும். காலை வைத்தால் நொறுநொறுவென்று உடையும். பித்தவெடிப்பு உள்ள கால் என்றால் உயிர் போய்விடும். அந்தப் பொருக்கில் ஒரு பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோனால் வெள்ளைக்காரன் காலத்தில் குற்றம். யாரும் விளைவிக்காத உப்புக்கும் சர்க்கார்தான் சொந்தக்காரன். 1930-ல் ஒரு மணங்குக்கு, அதாவது ஏறக்குறைய 37 கிலோவுக்கு, வரி ஒன்றேகால் ரூபாய். ஏழைபாழைகள் அள்ளிவிடக் கூடாதென்று, தானாகப் பூத்த உப்பை ஆள்விட்டு மண்ணோடு கலந்து அழிப்பதும் உண்டு.

நான் சரித்திர வாத்தியாராக இருந்தபோது பாடப்புத்தகத்தில் இந்த ஊருக்குக் கிடைத்தது இரண்டு வரி. ராஜாஜி நடந்தார், உப்பு அள்ளினார், அவ்வளவுதான். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுவார்கள். எனக்குத்தான் ஆறாது. நடந்தவர்கள் பதினைந்து நாள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு வரியும் இல்லையே!

1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு. ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நினைவு நாளும் அதுவே. திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து, உப்புச் சட்டத்தை மீறுவதற்காக ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் கிளம்பினார்கள். அவருக்கு அப்போது 51 வயது. உடம்பும் அப்படியொன்றும் திடமில்லை. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் வரை 150 மைல். நாமக்கல் கவிஞர் இதற்கென்றே எழுதிக்கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டு நடந்தார்கள்.

தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் ஜே.ஏ. தார்ன் கெட்டிக்காரர். நடப்பவர்களை அடித்தால் கூட்டம் பெருகும் என்று அவருக்குத் தெரியும். சோற்றை நிறுத்தினால் போதும் என்று கணக்குப் போட்டார். தொண்டர்களுக்குச் சாப்பாடு போட்டாலும் படுக்க இடம் கொடுத்தாலும் இந்தியத் தண்டனைச் சட்டம் 157-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் ஜெயில், அபராதம் என்று தமுக்கு அடித்தும் துண்டுப் பிரசுரம் விட்டும் ஊர் ஊராக எச்சரித்தார்.

இந்த இடத்தில் பாடத்தை நிறுத்தினால் வகுப்பில் ஒருவன் தவறாமல் கேட்பான்: “சோறு போட்டதுக்கா சார் ஜெயிலு?” ஆமாம்டா, சோறு போட்டதற்குத்தான்.

விளையாட்டு மிரட்டல் இல்லை. கும்பகோணத்தில் தொண்டர்களை வரவேற்றுத் தங்கவைத்த பந்துலு ஐயருக்கு ஆறு மாதம் கிடைத்தது. வசதியும் செல்வாக்கும் உள்ள மனிதருக்கே இந்தக் கதி என்றால், வேலியோரத்துக் குடிசைக்காரன் என்ன ஆவான்? தஞ்சாவூர் ஜில்லாவில் விருந்தாளியைப் பட்டினி போடுவது சாமானியத்தில் நடக்கிற காரியமா என்ன? ஆனால் அன்றைக்கு ஒரு கவளத்துக்கு விலை ஆறு மாதம்.

ஜனங்கள் கண்டுபிடித்த வழி வெகு எளிமையானது. சோற்றைப் பொட்டலம் கட்டி, தொண்டர்கள் வருகிற சாலையில் மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். மரம் யாருக்குச் சொந்தம்? பொட்டலம் கட்டியது யார்? போலீஸ் யாரைப் பிடிக்கும்? தொண்டர்கள் இளைப்பாறும் இடங்களில் சாப்பாட்டை ஒளித்துவைத்துவிட்டு ஜாடையாகத் தகவல் சொன்னதும் உண்டு.

நடந்தவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆயிரம் பேருக்கு மேல் விண்ணப்பம் போட்டு, அதிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் அவர்கள். ஜெயிலுக்குப் போகத் தயாராகி வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தவர்கள். பொட்டலம் கட்டிய பெண்பிள்ளைக்கு அந்த அவகாசம் ஏது? சாயங்காலம் தமுக்குச் சத்தம் கேட்டது, விடிவதற்குள் உலை வைக்க வேண்டும். அப்படி உலை வைத்தவள் பெயர் இன்றைக்கு எந்தத் தியாகிகள் பட்டியலிலும் இல்லை. அவளுடைய தைரியத்தை ஒரு மாற்றுக்கூடத்தான் நான் மதிக்கிறேன்.

ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். அங்கே வேதரத்தினம் பிள்ளை காத்திருந்தார். அவரே உப்பு வியாபாரி. சர்க்கார் உரிமத்தில் பிழைப்பு நடத்தியவர். உப்புச் சட்டம் நீடித்தால் அவருக்கு நஷ்டமில்லை, போராட்டத்தில் இறங்கினால்தான் நஷ்டம். இறங்கினார். ஜெயிலும் பார்த்தார், சொத்தும் பறிபோனது. அசரவில்லை, 1946-ல் அதே ஊரில் பெண்பிள்ளைகளுக்குக் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார். 1930 ஏப்ரல் 30-ஆம் தேதி விடிகாலையில் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். ஆறு மாதத் தண்டனை. அடுத்தடுத்த நாட்களில் தொண்டர்கள் மேல் தடியடி. ருக்மணி லட்சுமிபதி போன்ற பெண்களும் ஜெயிலுக்குப் போனார்கள்.

ஊரார் போலீஸ்காரர்களுக்கு எதுவும் செய்து கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். நாவிதர் வைரப்பன் கதை அப்போது நடந்தது. ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கிறார். பாதி முகம் முடிந்த நிலையில் ஆள் போலீஸ் என்று தெரிகிறது. கத்தியை மடக்கிவிட்டார். ஒரு கன்னம் வழவழவென்று, மறு கன்னத்தில் சோப்பு நுரை! அந்தக் கோலத்தோடு போலீஸ்காரர் வைரப்பனை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோனார். மிச்சத்தைச் செய்து முடி என்றாராம் மாஜிஸ்திரேட். வைரப்பன் சவரப் பெட்டியை அவர் முன்னால் வைத்து, வேண்டுமானால் ஐயாவே முடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாராம். ஜெயில் கிடைத்தது.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துத்தான் சொல்வேன். ஆனால் அந்தக் காலத்து கிராமத்தில் நாவிதருக்கு ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை எப்போது இருந்தது? கூப்பிட்ட வீட்டுக்குப் போக வேண்டும், கொடுத்த நெல்லை வாங்கிக்கொள்ள வேண்டும். பரம்பரையாக மறுத்தே பழக்கமில்லாத ஒருவர் முதலில் மறுத்தது சர்க்கார் ஆளிடம், அதுவும் கையில் கத்தியோடு, கத்தியைப் பயன்படுத்தாமல்! வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் உப்புச் சத்தியாக்கிரக நினைவு ஸ்தூபியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வைரப்பன் தூணையும் பார்க்கச் சொல்லுங்கள்.

1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம் வந்தது. உப்பு விளையும் ஊர்க்காரர்கள் வீட்டுத் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சர்க்கார் இறங்கிவந்தது. வரி ஒழிய 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தார்னுடைய திட்டம் என்ன ஆயிற்று என்பதைக் காங்கிரஸ்காரர் யாராவது எழுதியிருந்தால் மேடைப்பேச்சு என்று ஒதுக்கிவிடலாம். எழுதியவர் தார்னேதான். அரசாங்கத்தின் மேல் இந்த ஜில்லாவில் விசுவாசம் என்று ஒன்று முன்பு இருந்திருந்தாலும் இப்போது அது செத்துப்போய்விட்டது என்கிற பொருளில் அவர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்.