அயர்லாந்து ஊர்ப்புற நினைவில் புயலும் படகுச்சாவும்

அயர்லாந்தின் மேற்குப் பகுதி ஊர்களில் கடும் புயல்களும் படகு விபத்துகளும் ஆண்டுக்கணக்கு வைக்கும் அடையாளங்களாக இருந்தன. அவற்றுள் தலையாயது 'பெருங்காற்று இரவு' எனப்படும் 1839 சனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாள் இரவு. முந்தின நாள் பனி பெய்திருந்தது. அன்று பகலிலோ காற்றசைவே இல்லை, பருவத்துக்கு ஒவ்வாத வெதுவெதுப்பு. இருட்டியபின் அட்லாண்டிக்கிலிருந்து கிளம்பிய சூறை விடியும்வரை அடங்கவில்லை. வேய்ந்த கூரைகள் பிய்ந்தன. அடுப்புத் தணல் பறந்து பற்றியதில், காற்றுக்குத் தப்பிய வீடுகளும் எரிந்தன. கூரையில் செருகி வைத்திருந்த ஏழைகளின் சேமிப்பும் போயிற்று. இறந்தோர் 250 முதல் 300 பேர். பலர் கப்பலோடு மூழ்கியவர்கள்.

இந்த நினைவுக்குப் பின்னாளில் சட்ட மதிப்பே கிடைத்தது. 1908ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியச் சட்டப்படி, 1909 சனவரி முதல் 70 வயது நிரம்பியோர் வாரம் 5 ஷில்லிங் வரை பெற முடிந்தது. ஆனால் அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் பதியும் முறை 1864இல்தான் வந்தது. முதியவர்களிடம் வயதுச் சான்று இல்லை. பெருங்காற்றுக்கு முன் பிறந்தவருக்கு 70 நிறைந்திருக்கும் என்பதால், அவ்விரவைப் பற்றிச் சொல்லத் தெரிந்ததையே அதிகாரிகள் சான்றாகக் கொண்டனர். வயதைக் கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. எழுத்தறியாத உழவர்களின் வாய்மொழியை அரசு மதித்த அரிய தருணம் இது என்பதை அது மாற்றாது.

நீர்ச்சாவுகளின் நினைவைப் பாட்டு காத்தது. 1828 செப்டம்பர் 4 அன்று அன்னக்டவுனிலிருந்து கோரிப் ஏரி வழியாகக் கால்வே சந்தைக்குச் சென்ற பழம்படகு மூழ்கி 19 பேர் இறந்தனர். ஆடு மிதித்துப் பலகை உடைந்தது. ஓட்டையில் மேலங்கியைத் திணித்து ஒருவர் காலால் அழுத்த, பலகையே பெயர்ந்தது. பார்வையற்ற புலவர் ராஃப்டரி ஐரிஷ் மொழியில் பாடிய இதன் இரங்கற்பா இன்றும் பாடப்படுகிறது.

1927 அக்டோபர் 28 இரவு, கிளெகன், இனிஷ்பொஃபின், மேயோ கரைகளில் கானாங்கெளுத்தி பிடிக்கப் போன 45 மீனவர் திடீர்ப் புயலில் மாண்டனர். அப்புயலில் இளைஞர்களை இழந்த இனிஷ்கீ தீவுகள் 1930களில் ஆளின்றிப் போயின.

1937–39இல் பள்ளிப் பிள்ளைகள் தம் ஊர் முதியோரிடம் கேட்டு எழுதிய நாட்டார் தொகுப்பில் இத்தகைய செய்திகள் ஏராளம். புயல்கள் இன்றும் ஓயவில்லை: 2025 சனவரியில் வீசிய எயோவின் புயல், அயர்லாந்தில் 1945ஆம் ஆண்டின் காற்று வேகப் பதிவை முறியடித்தது.