விஸ்லர் – ரஸ்கின் வழக்கு

ஓர் ஓவியத்தின் மதிப்பு அது சொல்லும் கதையில் உள்ளதா, கண்ணுக்கு அது தரும் கிளர்ச்சியில் உள்ளதா என்ற கேள்வி 1878 நவம்பரில் இலண்டன் நீதிமன்றம் வரை சென்றது. வழக்குத் தொடுத்தவர், அமெரிக்காவில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த ஓவியர் ஜேம்ஸ் மக்நீல் விஸ்லர். எதிர்வாதி, அக்கால இங்கிலாந்தின் செல்வாக்கு மிக்க கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின்.

விக்டோரியா காலத்து ஓவியங்கள் பெரும்பாலும் கதை சொன்னவை. வரலாறு, விவிலியம், குடும்பக் காட்சி என ஏதாவது ஒன்றை மக்கள் படத்தில் தேடிப் படித்தனர். விஸ்லர் இதை ஏற்கவில்லை. இசையைப் போலவே ஓவியமும் நிறங்களின் இசைவால் மட்டுமே நிற்க வேண்டும் என்றார். தம் இரவுக் காட்சிகளுக்கு 'நாக்டர்ன்' என்ற இசைப் பெயரைச் சூட்டினார். (இப்பெயரைப் பரிந்துரைத்தவர் அவருடைய புரவலர் பிரடெரிக் லேலண்ட்.) 1871இல் வரைந்த தம் தாயின் உருவப்படத்துக்குக்கூட 'சாம்பல் கறுப்பு அமைவு, எண் 1' என்றே பெயரிட்டார்.

வழக்குக்குக் காரணமான படம் 'கறுப்பிலும் பொன்னிலும் நாக்டர்ன்: வீழும் வாணம்'. செல்சியின் கிரெமோர்ன் பூங்காவில் நடந்த வாணவேடிக்கையே காட்சி. ஏறத்தாழ 60 செ.மீ. உயரமுள்ள பலகையில் இருளும் புகையும், உதிரும் பொன் பொறிகளும்தான் தெரியும். மனித உருவங்கள் நிழல்போல் கரைந்திருக்கும். 1877இல் குரோவனர் காட்சிக்கூடத்தில் இதைக் கண்ட ரஸ்கின், வண்ணக் குவளையை மக்கள் முகத்தில் வீசிவிட்டு 200 கினி கேட்பதா எனக் கடுமையாக எழுதினார். விஸ்லர் 1,000 பவுன் இழப்பீடு கோரி அவதூறு வழக்குத் தொடுத்தார்.

ரஸ்கினைப் பழமைவாதி என ஒதுக்குவது சரியன்று. மூடுபனியையும் ஒளியையும் வரைந்த டர்னருக்காக 1843 முதலே வாதாடியவர் அவர். டர்னரிடம் இயற்கையின் உண்மையைக் கண்டார். விஸ்லரிடம் அவர் கண்டது உழைப்பின்மை. விசாரணையிலும் அதுவே முன்னின்றது. உடல்நலமின்மையால் ரஸ்கின் நீதிமன்றத்துக்கு வரவில்லை. இரண்டு நாள் வேலைக்கா 200 கினி என்று அவருடைய வழக்கறிஞர் கேட்டபோது, வாழ்நாள் முழுவதும் பெற்ற அறிவுக்கு என்று விஸ்லர் விடையளித்தார். ரஸ்கினுக்காகச் சாட்சி சொன்ன ஓவியர் பர்ன்-ஜோன்ஸ், விஸ்லரின் நிற உணர்வை ஒப்புக்கொண்டாலும் படங்களில் முழுமை இல்லை என்றார்.

தீர்ப்பு விஸ்லருக்கே சாதகம். ஆனால் இழப்பீடு ஒரே ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி! வழக்குச் செலவும் கிடைக்கவில்லை. முன்பே கடனில் இருந்த விஸ்லர் 1879இல் நொடித்துப்போனார். வீடும் கைவிட்டுப் போயிற்று. வெனிசுக்குச் சென்று செதுக்கோவியங்கள் செய்து மீண்டும் எழுந்தார். ரஸ்கினோ ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பதவியிலிருந்து விலகினார்.

1891இல் பிரெஞ்சு அரசு 'சாம்பல் கறுப்பு அமைவு' படத்தை வாங்கியது. அதை இன்று எல்லோரும் 'விஸ்லரின் தாய்' என்றே அழைக்கின்றனர். வாணப் படம் 1892இல் 800 கினிக்கு விற்பனையாயிற்று. 1946 முதல் டிட்ராயிட் கலைக் கழகத்தில் உள்ளது.